ஏறுமுன்பே இறங்கும் எல்லையைக் குறிப்போம்



வானில் வட்டமிடும் பருந்தைக் கண்டு வியந்த மனிதன் இன்று தானே ஒரு பருந்தைச் செய்து பறக்கவிடுகிறான். பல சுழலிகளைக் கொண்ட அந்த ஆளில்லா வானூர்தியை ‘ட்ரோன்’ என்று அழைக்கின்றோம். அது வயலில் மருந்து தெளிக்கின்றது. வெள்ளம் சூழ்ந்த ஊர்களை மேலிருந்து படம்பிடித்துக் காட்டுகின்றது. திருமணப் பந்தலுக்கு மேல் நின்று மணமக்களையும் படமெடுக்கின்றது. எங்கள் அறிவியல் மன்றத்திலும் நான்கு சுழலிகள் கொண்ட ஒன்றை உறுப்பு உறுப்பாகச் சேர்த்துப் பொருத்தியிருக்கின்றோம். அதைக் காண வருவோர் எல்லோரும் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றனர். எவ்வளவு உயரம் போகும்? எவ்வளவு தூரம் போகும்? எத்தனை நிமிடம் பறக்கும்? “எப்போது இறங்கும்?” என்று கேட்டவர் இதுவரை ஒருவரும் இலர்.

கேட்கப்படாத அந்த நான்காம் கேள்வியே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும் என்பது எங்கள் கருத்து. மின்னழுத்தம் எந்த அளவுக்குக் குறைந்தால் ட்ரோன் திரும்ப வேண்டும், எந்த அளவுக்குக் குறைந்தால் நின்ற இடத்திலேயே இறங்க வேண்டும் என்னும் இரண்டு எல்லைகளையும், அது தரையில் இருக்கும்போதே கணக்கிட்டுக் குறித்துவிட வேண்டும். குறித்தபின் பறக்கும் ஆசையில் அவற்றைத் தளர்த்தலாகாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். அதற்கு விடை, ட்ரோனின் வயிற்றில் கட்டப்பட்டிருக்கும் மின்கல அடுக்கில் இருக்கின்றது.

ட்ரோன்களில் பெரும்பாலும் பயன்படுவது லித்தியம் பாலிமர் மின்கலம். முழுதும் மின்னேற்றிய நிலையில் ஒரு மின்கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ட், அதன் மேல் அச்சிட்டிருக்கும் பெயரளவு அழுத்தம் 3.7 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் அது கெட்டுப்போகும், வீங்கவும் கூடும். மூன்று மின்கலங்களைத் தொடராக இணைத்த அடுக்கில் நிறைவழுத்தம் 12.6 வோல்ட் ஆகும்.

இந்த மின்கலத்திற்கு ஒரு குணம் உண்டு. அது தன் களைப்பைக் கடைசிவரை வெளியே காட்டாது. பறக்கத் தொடங்கியதும் அழுத்தம் சற்றே இறங்கும்; பிறகு நெடுநேரம் மெல்ல மெல்லவே குறையும். “இன்னும் நிறைய இருக்கின்றது” என்று நாம் மகிழ்ந்திருப்போம். ஆனால் ஒரு நிலைக்குப் பின் அழுத்தம் மலைச்சரிவில் உருண்ட கல்லைப் போலச் சரசரவென்று சரியும். அந்தச் சரிவைக் கண்ட பிறகு திரும்ப நினைப்பது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதாகும்.

“அப்படியானால் அழுத்தம் குறைந்ததும் தானாகவே மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடு ஒன்று இருந்தால் போதாதா? கைப்பேசி அப்படித்தானே அணைந்துபோகின்றது?” என்று சிலர் கேட்கின்றனர். இந்த இடத்தில்தான் நாம் நன்றாகச் சிந்திக்க வேண்டும். கைப்பேசி அணைந்தால் மேசைமேல் கிடக்கும். இறக்கையுள்ள சிறு விமானத்தில் மோட்டார் நின்றால், அது சறுக்கிக்கொண்டே வந்து தரையைத் தொட முடியும். நான்கு சுழலி ட்ரோனுக்கோ இறக்கை இல்லை. சுழலிகள் நின்ற நொடியிலேயே அது வெறுங்கல்.

30 மீட்டர் உயரத்தில் சுழலிகள் நிற்பதாகக் கொள்வோம். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அது ஏறக்குறைய இரண்டரை நொடியில் தரையை அடையும். அப்போது அதன் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் அந்த வேகத்தில் வந்தால், கீழே நிற்பவர் “ஐயோ” என்று சொல்லவும் நேரம் இராது. மோட்டார்களை இயக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சிலவற்றில், மின்கலத்தைக் காப்பதற்காக மோட்டாரையே நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு. விமானத்திற்கு அது நல்லது. ட்ரோனில் அதை நீக்கிவிட வேண்டும். மின்கலம் கெட்டால் வேறொன்று வாங்கலாம். கீழே நிற்கும் பிள்ளையின் தலைக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே பாதுகாப்பு என்பது மின்சாரத்தை வெட்டுவதாக இல்லாமல், மின்சாரம் இருக்கும்போதே இறங்கச் செய்வதாக அமைய வேண்டும்.

இனி, அந்த ஏற்பாட்டை எவ்வாறு செய்வது என்று காண்போம். உலகெங்கிலும் பலர் கூடி எழுதி இலவசமாக வழங்கிவரும் ‘ஆர்டுபைலட்’ என்னும் பறத்தல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு படிகள் உள்ளன. முதற்படி, குறைந்த அழுத்தம். இரண்டாம் படி, நெருக்கடியான அழுத்தம். ஒவ்வொரு படியிலும் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். புறப்பட்ட இடத்திற்குத் திரும்பச் சொல்லலாம். நின்ற இடத்திலேயே இறங்கச் சொல்லலாம். ஒன்றையும் தேர்ந்தெடுக்காவிட்டால் எச்சரிக்கை மட்டுமே வரும். ட்ரோன் தன்போக்கில் பறந்துகொண்டேயிருக்கும். எண்ணைக் குறித்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் இதை மனத்திற் கொள்ள வேண்டும். விரைவுப் பந்தய ட்ரோன்களில் பலரும் பயன்படுத்தும் ‘பீட்டாஃபிளைட்’ மென்பொருளோ, மின்கலம் ஒன்றுக்கு 3.5 வோல்ட்டில் எச்சரித்து, 3.3 வோல்ட்டில் இன்னும் உரக்கக் கூவும். இறக்க வேண்டியது ஓட்டுபவரின் பொறுப்பு.

மூன்று மின்கல அடுக்கு ஒன்றிற்கு, பறக்கும் நிலையில் 10.8 வோல்ட் வந்தால் திரும்புதல், 10.5 வோல்ட் வந்தால் இறங்குதல் என்று தொடங்கலாம் என்பது எங்கள் கருத்து. ‘பறக்கும் நிலையில்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் ஓமின் விதியை நினைவுகூருங்கள். மின்கல அடுக்குக்குள்ளும் ஒரு சிறு மின்தடை இருக்கின்றது. அது 0.03 ஓம் என்றும், மோட்டார்கள் 15 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கின்றன என்றும் வைத்துக்கொண்டால், அழுத்தத்தில் 0.45 வோல்ட் உள்ளேயே குறைந்துவிடும். தரையில் 11.25 வோல்ட் காட்டும் அடுக்கு, பறக்கும்போது 10.8 தான் காட்டும். வேகமாக மேலேற்றினால் இன்னும் குறைந்து, பிறகு மீளும். இத்தகைய நொடிநேரத் தாழ்வைக் கண்டு ட்ரோன் வீணே திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே, அழுத்தம் தொடர்ந்து 10 நொடி எல்லைக்குக் கீழே இருந்தால்தான் ஆர்டுபைலட் அதை மெய்யான குறைவாகக் கொள்கின்றது.

எல்லையைக் குறிக்குமுன் அளக்கும் கருவி சரியாக அளக்கின்றதா என்று பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள சிறு கணினியால் 12 வோல்ட்டை நேராகத் தாங்க இயலாது. ஆகவே இரண்டு மின்தடைகளைக் கொண்டு அழுத்தத்தைப் பகுத்து, அதில் ஒரு சிறு பங்கையே அளந்து, பெருக்கிக் காட்டுகின்றது. பெருக்கும் எண்ணில் நூற்றுக்கு மூன்று பங்கு பிழை இருந்தால், 10.8 வோல்ட்டில் ஏறத்தாழ 0.3 வோல்ட் தவறிவிடும். நாம் குறித்த இரண்டு எல்லைகளுக்கும் இடையிலுள்ள தொலைவே அவ்வளவுதான்! ஆதலின் மல்டிமீட்டரால் அளந்து, திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே பறக்கவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மூன்று மின்கலங்களின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 3.7, 3.7, 3.4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 10.8. 3.6, 3.6, 3.6 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 10.8. முன்னதில் ஒரு மின்கலம் தள்ளாடுகின்றது. பின்னதில் மூன்றும் நலமாக உள்ளன. வகுப்பின் சராசரி மதிப்பெண் நன்றாக இருக்கின்றது என்பதால் தேர்ச்சி பெறாத மாணவி ஒருத்தியும் இல்லை என்று சொல்ல முடியுமா? மின்கல அடுக்கின் வெள்ளைச் செருகியில் மாட்டும் சிறு பேட்டரி அலாரம் ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியே பார்க்கும். அவற்றுள் எது எல்லைக்குக் கீழே போனாலும் கூவும். விலை குறைந்த அந்தச் சிறு கருவி இல்லாமல் ஒரு ட்ரோனும் தரையை விட்டு எழும்பக் கூடாது என்போம்.

“மின்கலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கைப் பயன்படுத்து, இருபது பங்கை மீதி வை” என்று ட்ரோன் ஓட்டுவோர் சொல்வது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் இருபது பங்கு எல்லா நேரத்திற்கும் போதுமா? கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

2200 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள அடுக்கில் இருபது பங்கு என்பது 440. பறக்கும்போது 15 ஆம்பியர் செலவானால், அந்த 440 நமக்கு ஏறத்தாழ 106 நொடிகளைத் தரும். ட்ரோன் 300 மீட்டர் தொலைவில், 30 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது எல்லை வருகின்றது என்று கொள்வோம். குறைவு மெய்தானா என்று உறுதி செய்ய 10 நொடி. நொடிக்கு 5 மீட்டர் வீதம் திரும்பி வர 60 நொடி. புறப்பட்ட இடத்திற்கு மேல் வந்து நிதானிக்க 5 நொடி. நொடிக்கு ஒன்றரை மீட்டர் வீதம் 10 மீட்டர் உயரம் வரை இறங்க 13 நொடி. கடைசிப் பத்து மீட்டரை நொடிக்கு அரை மீட்டர் வீதம் மெல்ல இறங்க 20 நொடி. கூட்டினால் 108 நொடி. கையில் இருப்பதோ 106. எதிர்க்காற்று ஒன்றும் இல்லாத நாளிலேயே இரண்டு நொடி குறைகின்றது! கடைசித் துளிவரை மின்கலம் ஒரே வலுவுடன் இருக்காது என்பதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். அதே ட்ரோன் 200 மீட்டர் தொலைவில் இருந்திருந்தால் 88 நொடியில் தரைக்கு வந்திருக்கும். 18 நொடி மிச்சமும் இருந்திருக்கும்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? பிறர் சொன்ன எண்ணை அப்படியே எழுதிக்கொள்வது எல்லை குறிப்பதாகாது. எவ்வளவு தொலைவு போகப் போகின்றோமோ, அவ்வளவு தொலைவிலிருந்து திரும்பும் செலவைக் கணக்கிட்டு எல்லையை உயர்த்த வேண்டும். இயலாவிட்டால் தொலைவைக் குறைக்க வேண்டும். பறந்து முடிந்து மின்னேற்றும்போது, திரும்பச் சென்ற அளவு 1760 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் இருந்தால், நாம் குறித்த எல்லை தாழ்வானது என்று அறிந்து அடுத்த முறை உயர்த்த வேண்டும். மின்னேற்றியின் அந்த எண் நமக்கு ஒரு தேர்வு விடைத்தாள்.

எங்கள் கருத்துக்கு மறுப்புச் சொல்வோரும் உளர். அவர்கள் கூற்றிலும் நியாயம் இல்லாமல் இல்லை. “முழு அடுக்கையும் தீர்த்தால் 8 நிமிடம் 48 நொடி பறக்கலாம், உங்கள் பேச்சைக் கேட்டால் 7 நிமிடத்தில் இறக்க வேண்டும்” என்பது முதல் மறுப்பு. உண்மையே. ஆனால் அந்த இருபது பங்கு கைவசம் இருப்பதால்தான் மற்ற எண்பது பங்கையும் அச்சமின்றிப் பறக்கின்றோம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். முழு ஆழம்வரை தீர்க்கப்படும் மின்கலம் விரைவில் முதுமை அடையும் என்பதையும் மறவாதீர்கள்.

“விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டத்தைப் படம்பிடிக்கும்போது நடுவில் தானாகத் திரும்பிவிட்டால் என்னாவது? அன்று ஒருநாள் மட்டும் தானாகத் திரும்பும் ஏற்பாட்டை நிறுத்தி வைக்கலாமே” என்பது இரண்டாம் மறுப்பு. எங்கள் மன்றத்திலேயே இதுபற்றிப் பெரிய விவாதம் நடந்தது. கூட்டம் கூடும் நாளில்தான் காவல் மிகவும் வேண்டும் என்று நாங்கள் மறுமொழி கூறினோம். படம் பாதியில் நின்றால் மனம் வருந்துவோம். கூட்டத்தில் விழுந்தால் வாழ்நாள் முழுவதும் வருந்துவோம். இரண்டாவது மின்கல அடுக்கை மின்னேற்றிக் கையில் வைத்திருந்தால், தொடர் ஓட்டத்திற்கு முன் மாற்றிக்கொள்ளலாம். அறிவுடைய வழி இருக்கும்போது ஆபத்தான வழி எதற்கு?

“தானாகத் திரும்பும்போது மரத்தில் மோதாதா?” என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே எல்லாவற்றிலும் சிறந்த கேள்வி. தாழ்வாகப் பறக்கும்போது எல்லை வந்தால், ஆர்டுபைலட் வழக்கமாக 15 மீட்டர் உயரத்திற்கு ஏறித்தான் திரும்பும். நம் ஊர்த் தென்னையோ அதற்கு மேலும் வளரும். எனவே மின்னழுத்த எல்லையோடு, திரும்பும் உயரத்தையும் சுற்றியுள்ள மிக உயர்ந்த மரத்துக்கு மேலாகக் குறிக்க வேண்டும். செயற்கைக்கோள் வழி இடமறியும் வசதி இல்லாதபோது ட்ரோனுக்கு வீட்டுக்கு வழி தெரியாது. நின்ற இடத்திலேயே இறங்கும். அந்த இடம் குளமாகவும் இருக்கலாம், கூட்டமாகவும் இருக்கலாம். ஆகவே மக்கள் தலைக்கு மேல் பறக்கவிடாமையே முதற் பாதுகாப்பு என்பதை யாரும் மறுக்க இயலாது.

கருவி காட்டுவதையே வேதவாக்காகக் கொள்வதும் தகாது. 2018 அக்டோபரில் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. டிஜேஐ நிறுவனத்தின் ‘மாட்ரிஸ் 200’ வரிசை ட்ரோன்களில் பயன்பட்ட சில மின்கல அடுக்குகள், போதிய மின்சாரம் மீதி இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பறக்கும் நடுவில் நின்றுபோன நிகழ்ச்சிகள் அங்கே நேர்ந்திருந்தன. அறிவிற் சிறந்த பொறியாளர்கள் செய்த கருவிக்கே இந்நிலை என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! யானைக்கும் அடி சறுக்கும். அதனால்தான் மீதி என்பதைத் தாராளமாக வைக்க வேண்டும் என்கிறோம்.

பெரிய விமானங்களிலும் இந்த நெறிதான். தரையிறங்கும்போது இன்னும் 30 நிமிடம் பறப்பதற்கான எரிபொருள் எஞ்சியிருக்கும்படி ஜெட் விமானங்கள் திட்டமிட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் ஏவியாங்கா நிறுவனத்தைச் சேர்ந்த போயிங் 707 ஒன்று, நியூயார்க்கில் இறங்க வெகுநேரம் காத்திருந்து, எரிபொருள் முற்றும் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் மாண்டனர். எரிபொருள் தீர்ந்துவருகின்றது என்று விமானத்திலிருந்து சொன்னார்கள். ஆனால் ‘நெருக்கடி நிலை’ என்று அறிவிக்கவில்லை. எச்சரிக்கையை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்வதும், கேட்டவர் உடனே செயற்படுவதும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இதனால்தான் கருவியில் எண்ணைக் குறிப்பதோடு மனிதர்களுக்குள்ளும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்கிறோம். ஓட்டுபவரின் கண் ட்ரோனில் இருக்கும். மனம் படத்தில் இருக்கும். அலாரத்தைக் கேட்பதற்கும், கடிகாரத்தைப் பார்ப்பதற்கும் வேறொருத்தி அருகில் நிற்க வேண்டும். பறக்குமுன் இரண்டு எல்லைகளையும், போகும் தொலைவையும் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும். அலாரம் கூவியதும் “இறக்குங்கள் அக்கா” என்று ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி சொன்னாலும், பத்தாம் வகுப்பு அக்கா மறுபேச்சின்றி இறக்கியாக வேண்டும். “சின்னப் பெண், உனக்கென்ன தெரியும்?” என்னும் சொல் அங்கே எழவே கூடாது. மின்கலத்திற்கு மூத்தவர் இளையவர் என்ற வேறுபாடு தெரியாது.

தோழியரே! உயரப் பறப்பது பெருமைதான். நாமும் பறக்கவே விரும்புகின்றோம். ஆனால் கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்கும்போது, அவர் முகத்தில் வியப்பு மட்டுமே இருக்க வேண்டும், அச்சம் இருத்தலாகாது. அந்த நம்பிக்கையை அவருக்கு அளிக்க வேண்டியது பறக்கவிடும் நமது கடமை. ஆகவே மல்டிமீட்டரை எடுப்போம், அளப்போம், திரும்பும் வழியைக் கணக்கிடுவோம், எல்லையைக் குறிப்போம், குறித்த எல்லைக்குப் பணிவோம். அதன்பின் மகிழ்ச்சியோடு பறக்கவிடுவோமாக!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு